போன வருஷத்து ஒரு பிடி

மரக்காணம்
12.8.2005

அன்புள்ள மருமகன் நியாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மரக்காணம் கடைவீதியின் சக்கரவர்த்தியும், பருத்தி, மல்லாட்டைக் கடலை மண்டியின் ஏகபோக முதலாளியும், அதே மண்டியின் ஒரே கூலியாளுமான உன் தாய்மாமன் ஹபீப் முஹம்மது எழுதிக்கொள்வது. இந்தக் கடிதத்திலும் இனி வரப்போகும் கடிதங்களிலும் நான் சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று வலது கையைத் தூக்கி உறுதி கூறுகிறேன். நம்பாதவர்கள் வரிசையில் நீதான் முதல் ஆள். அதற்கு உனக்குக் காரணம் இருக்கிறது.

உன் கடிதம் வந்து சேர்ந்தது. கம்பெனித் தாள், டைப் அடித்த எழுத்து, 'ஐயா' என்று ஆரம்பம். உன் மாமி மௌத்தான நாளிலிருந்து வாயைத் திறக்காத மருமகன் மாமனை ஐயா என்று கூப்பிட்ட சத்தத்தில், உப்பளத்தில் ஒற்றைக் காலில் நின்ற கொக்குகள் அத்தனையும் கால் மாற்றிக்கொண்டன. போஸ்ட்மேன் சாட்சி.

நீ கேட்டிருப்பதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். பி.டி. விதை போடாத, அதாவது மரபணுவில் யாரும் கை வைக்காத விதையில் விளைந்த பருத்தி வேண்டும். வெளிநாட்டில் அதற்குத் தனி மவுசாம். சரக்கு மார்ச் மாதத்தில், பேச்சு இப்போதே. மருமகனே, இங்கே இன்னும் விதையே மண்ணில் விழவில்லை. பிறக்காத பிள்ளைக்குப் பெண் பார்க்கும் குடும்பங்கள் நம் ஊரில் உண்டு. உன் கம்பெனி அந்தப் பிள்ளையின் பேரனுக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். "எடை, ரகம், நாள், விலை, இந்த நாலையும் முன்னாலயே பேசிட்டா வராத சரக்கைப் பேசலாம், தப்பில்ல பாய்" என்றார்.

"மூணு இருக்குது ஹஜ்ரத். விலை மட்டும் இல்ல. அன்னைக்கு பம்பாய் போர்டுல என்ன இருக்குதோ அதுன்னு எழுதியிருக்கான்" என்றேன்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப உங்க மருமவனையே கேளுங்க" என்று எழுந்து போய்விட்டார். ஆகவே கேட்கிறேன். எஸ்.டி.டி. பூத்தில் கேட்கலாம்தான். ஆனால் அங்கே நான் ஒரு புளுகை முடிப்பதற்குள் மீட்டர் ஓடிவிடுகிறது. தபால் உறையில் எவ்வளவு புளுகினாலும் ஒரே ஸ்டாம்புதான்.

வானூரிலிருந்து கிளியனூர் வரை நானும் என் மொபெட்டும் படையெடுத்தோம். பாதி வழியில் மொபெட் தேய்ந்தே காணாமல் போய், வெறும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு மீதி தூரத்தை ஓடினேன். எல்லாக் கொல்லையிலும் பி.டி. விதைப் பொட்டலம் தயாராக இருந்தது. இரண்டே பேர் அகப்பட்டார்கள். ஒருவர் கிளியனூர் சடையப்பன். பொட்டலம் வாங்கக் கடன் கேட்டு அலைந்துகொண்டிருந்தவர். இன்னொருத்தி பொன்னி. நம் உப்பளத்தில் கூலிக்குப் போய்க்கொண்டே இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருக்கிறாள். இரண்டு பேர் வீட்டிலும் பழைய ரக விதை இருக்கிறது. பழைய ரகம் போட்டால் புழு தின்றது போகத்தான் மீதி. கூடுதல் விலை வந்தால்தான் பொன்னி குத்தகையைக் கட்டுவாள், இல்லையென்றால் நிலம் போய்விடும். நான் சொன்ன ஒரே சொல்லுக்கு இருவரும் சம்மதித்தார்கள். என்னை நம்புவதற்கு இரண்டு பேர் கிடைத்ததை நீ நம்பவே போவதில்லை.

டிசம்பரில் கடல் வந்து போனதிலிருந்து என் புளுகுத் தொழில் நசிந்துவிட்டது. எவ்வளவு பெரிதாக அளந்தாலும் அனுமந்தை மீனவர்கள், "நாங்க பார்த்ததை விடவா பாய்" என்று கேட்டுவிட்டு வலையைப் பார்க்கிறார்கள்.

வீட்டில் அனைவரும் நலம். அனைவரும் என்றால் நான்.

ஹபீப் முஹம்மது


மும்பை
3.9.2005

மாமாவுக்கு,

சலாம். அந்தக் கடிதம் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி போனது. 'ஐயா' டைப்பிஸ்ட் போட்டது.

விலை பற்றி. இங்கே முன்பேரச் சந்தை என்று ஒன்று நடக்கிறது. மார்ச்சில் கைமாற வேண்டிய பருத்தியை இன்றே விலை பேசி வாங்குகிறார்கள், விற்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் பருத்திச் செடியைப் பார்த்ததில்லை. அந்த விலை ஒரு திரையில் நாள் முழுவதும் மாறிக்கொண்டே இருக்கும். அதைத்தான் போர்டு என்கிறோம். போர்டுக்குப் பருத்தி என்றால் பருத்தி, அவ்வளவுதான். மரபணு மாற்றியதா மாற்றாததா என்று அது கேட்பதில்லை. மாற்றாததற்கென்று தனிப் போர்டும் கிடையாது. அதனால், நம் சரக்கு சோதனையில் தேறுகிற நாளில் போர்டில் என்ன விலையோ, அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு. இதுதான் ஒப்பந்தம். போர்டு இறங்கினால் நம் விலையும் இறங்கும். இதை அந்த இரண்டு பேரிடமும் சொல்லுங்கள். கூட்டாமல் சொல்லுங்கள்.

சாக்கு புதிதாக இருக்க வேண்டும். கிடங்கைக் கழுவிவிட வேண்டும். வேறு எந்தப் பருத்தியும் பக்கத்தில் வரக் கூடாது. ஒரு கொட்டை கலந்தாலும் சோதனையில் தெரியும்.

உங்கள் பெயரை ஏன் கொடுத்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. உங்கள் பேச்சை நான் நம்புவதில்லை. ஆனால் உங்கள் மண்டி எடையில் யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

மாமிக்கு சீரியஸ் என்று இரண்டு தடவை போன் செய்தீர்கள். இரண்டு தடவையும் ரயிலேறி வந்தேன். முதல் தடவை மாமி மீன் கழுவிக்கொண்டிருந்தாங்க. இரண்டாம் தடவை எனக்காக இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாங்க. நீங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். மூன்றாம் தடவை நான் ரயிலேறவில்லை. அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. நீங்களும் எழுத வேண்டாம்.

நியாஸ்


மரக்காணம்
20.11.2005

அன்புள்ள மருமகனுக்கு,

சலாம். உன் கட்டளைகளைக் கல்வெட்டில் பொறித்துவிட்டேன். கல் கிடைக்காததால் கரும்பலகையில். மண்டி வாசலில் போர்டு வைத்தாகிவிட்டது. திண்டிவனம் கம்ப்யூட்டர் சென்டரில் போய்ப் பார்த்து, வாரம் ஒரு தடவை பம்பாய் விலையைச் சாக்பீஸால் எழுதுகிறேன். எழுத்தின் அளவைக் கேட்காதே. நடுக்கடலில் போகிற கப்பல்கள் வேகத்தைக் குறைத்துப் படித்துவிட்டுப் போகின்றன.

பொன்னி உப்பளத்திலிருந்து வருகிற வழியில் போர்டின் முன்னால் நின்றாள்.

"ஏன் பாய், செடி இன்னும் பூவே வெக்கல. அதுக்குள்ள மார்ச் மாசத்து வெலைய எப்படி எழுதுனீங்க?"

"பம்பாய்ல எழுதறாங்கம்மா."

"அவங்களுக்கு என் கொல்லையில என்னா காய்ச்சிருக்குதுன்னு தெரியுமா?"

"தெரியாது. அதனாலதான் தைரியமா எழுதறாங்க."

"சரி, அது ஏறுனா நான் சந்தோஷப்படணுமா, எறங்குனாவா? அத மட்டும் சொல்லிடுங்க, நான் போய் சோறாக்கறேன்."

ஏறினால் என்றேன். அன்றிலிருந்து தினம் வந்து பார்க்கிறாள். சாக்பீஸ் எழுத்து போன வாரத்தினுடையது என்று சொல்லியும் கேட்பதில்லை. பழைய விலையைப் பார்த்தே ஒரு வாரம் சந்தோஷமாக இருந்துவிடுகிறாள்.

சடையப்பன் கொல்லையைச் சுற்றி நாலாபுறமும் புழு வாய் வைக்க முடியாத பி.டி. அங்கே விருந்து மறுக்கப்பட்ட புழுக்கள் எல்லாம் பெட்டி படுக்கையோடு இவர் கொல்லைக்கு வந்து இறங்கிவிட்டன. சில புழுக்கள் பாயும் தலையணையும் கேட்டனவாம். மனிதர் ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்குகிறார். "வெலை வரும்ல பாய்?" என்று மட்டும் கேட்கிறார். நீ சொன்னபடி, போர்டு இறங்கினால் இறங்கும் என்று கூட்டாமல் சொன்னேன். நான் கூட்டாமல் சொன்னதால் அவர் பயந்துபோய், "உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா பாய்?" என்று கேட்டார்.

உப்பு வியாபாரி கலியமூர்த்தியைச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும். போர்டைப் படித்துவிட்டு வந்து, "யோவ் பாய், என் உப்புக்கும் மரபணு மாத்தலன்னு ஒரு சீட்டு ஒட்டிக் குடு, நானும் மேல வெச்சு விக்கறேன்" என்றார். "உப்புக்கு மரபணுவே கிடையாதுய்யா" என்றேன். "அப்ப மாத்தவே முடியாதுல்ல? அதை விட சுத்தம் ஏதுயா?" என்கிறார். எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நீ எழுத வேண்டாம் என்றதை எழுதவில்லை. ஒன்று மட்டும். உப்பளத்தில் நாலைந்து வருஷம் நின்ற காலில் முள் குத்தினால் தெரியாது. ராத்திரி வீட்டுக்கு வந்து ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். எனக்கு இந்த வருஷம் உச்சந்தலை வரைக்கும் அந்தக் காலாகவே இருக்கிறது.

கிடங்கை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டேன். உன் மாமியின் சுருக்குப்பை ஆணியில் தொங்குகிறது. அதைத் தவிர எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டாகிவிட்டது.

உன் மாமன்


மும்பை
8.1.2006

மாமாவுக்கு,

சலாம். உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது கிடங்கு கழுவியாகிவிட்டது என்ற ஒரு வரி. அதைக் கண்டுபிடிக்க இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது.

சரக்கு கோவைப் பக்கம் ஒரு ஜின்னிங் மில்லுக்குப் போகும். கொட்டையைப் பிரிப்பதற்கு முன் அங்கே சோதனை. எல்லா மூட்டையின் அடியிலிருந்தும் வாயிலிருந்தும் கொட்டை எடுத்து ஒன்றாக நசுக்கிக் கரைத்து, அதில் ஒரு சீட்டை நனைப்பார்கள். ஒரு கோடு வந்தால் சுத்தம். இரண்டு கோடு வந்தால் பி.டி. இருக்கிறது என்று அர்த்தம், மொத்தச் சரக்கும் சாதாரண விலைக்குப் போகும்.

ஒப்பந்தத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. 'இந்த மண்டியை எனக்கு நேரில் தெரியும், கலப்பு இருக்காது.' அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். என்னோடு வேலை செய்கிறவர்கள் யாரும் தங்கள் ஊர் மண்டிக்கு அப்படிப் போடவில்லை.

போர்டு ஏறிக்கொண்டிருக்கிறது. ஏறும்போது இங்கே எல்லோரும் கத்துகிறார்கள். நான் நம்பரைக் குறித்துக்கொள்கிறேன். போன வருஷம் நீங்கள் கடைசியாகப் போன் செய்தபோதும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "எடுத்தாச்சுடா, அடக்கமும் முடிஞ்சுது" என்றீர்கள். அப்போது திரையில் இருந்த விலை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வேறு எதுவும் இல்லை.

சாக்கைக் கட்டும்போது நீங்களே பக்கத்தில் இருங்கள்.

நியாஸ்


மரக்காணம்
26.2.2006

அன்புள்ள மருமகனுக்கு,

சலாம். இன்று லாரி புறப்பட்டுவிட்டது. பெரிய பெரிய தேரெல்லாம் இதற்கு முன்னால் பொம்மை வண்டி. கடைவீதியில் இரு பக்கமும் ஜனங்கள் கூரைமேல் ஏறி நின்றார்கள். கலியமூர்த்தி தன் உப்பு மூட்டை ஒன்றையும் நடுவில் ஏற்றப் பார்த்தார், காலைப் பிடித்து இழுத்து இறக்கினோம். நிஜத்தில் ஜனங்கள் என்பது பொன்னி, சடையப்பன், நான், அப்புறம் டீக்கடைக்காரர்.

பருத்தி நீ பார்த்தால் உப்பு என்று நினைப்பாய். அவ்வளவு வெள்ளை. பொன்னி ஒவ்வொரு சுளையிலும் சருகைப் பொறுக்கி எடுத்திருந்தாள். அவள் கையில் உப்புக் கீறல் ஆறுவதில்லை, ரத்தம் படக் கூடாது என்று துணி சுற்றிக்கொண்டு எடுத்திருக்கிறாள்.

புது சாக்கு. ஒவ்வொன்றையும் நானே தைத்தேன். முதல் சாக்கின் மேல் பெரிதாக உன் பெயரை எழுதினேன். பிஸ்மி சொல்லிக் கட்டினேன்.

போர்டு நல்ல உயரத்தில் இருக்கிறது. பொன்னி நிலத்துக்காரரிடம், "மார்ச் முடியட்டும், ஒண்ணா வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டாளாம். அவர் சரி என்றாராம்.

உன் மாமன்


மும்பை
14.3.2006

மாமாவுக்கு,

இரண்டு கோடு வந்தது.

மொத்தச் சரக்கையும் ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். என் கையெழுத்துப் போட்ட தாளை மேலதிகாரி மேஜையில் என் பக்கம் திருப்பி வைத்தார்.

யார் கலந்தது? சடையப்பனா, அந்த அம்மாவா, பக்கத்துக் கொல்லைக்காரர் யாராவதா? ஒரு வரி போதும். கதை வேண்டாம்.

நியாஸ்


மரக்காணம்
21.3.2006

அன்புள்ள மருமகனுக்கு,

சலாம். ஒரு வரியில் எழுத நானும் உட்கார்ந்தேன். என் கைக்கு அந்தப் பழக்கம் இல்லை.

நம் ஊரில் கர்ப்பம் பார்க்கும் சீட்டில் இரண்டு கோடு வந்தால் சர்க்கரை கொடுப்பார்கள். இங்கே பொன்னி வந்தாள். சொன்னேன். அவள் அழவில்லை. "நான் போட்டது எங்க அத்தை மொடாப் பானையில கட்டி வெச்ச வெதை பாய். பொய்யின்னா அது பம்பாய்ல பொய்" என்றாள். பிறகு உப்பளத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள். சடையப்பன் வந்து, போர்டைப் பார்த்தார், அதைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார். நான் மறுபடி திருப்பவில்லை. இப்போது கப்பல்கள் நிற்காமல் போகின்றன.

விசாரணை நடத்தினேன். நாலு குற்றவாளிகள்.

ஒன்று, கிளியனூர்த் தேனீக்கள். பி.டி. பூவில் குளித்துவிட்டு அதே காலோடு சடையப்பன் கொல்லைக்கு வந்திருக்கின்றன. கூப்பிட்டு விசாரித்ததில் ராணித் தேனீ மறுக்கிறது.

இரண்டு, வானூர் தாலுகா ஆபீஸ் மரத்துக் காகம். ஜாதிச் சான்றிதழ் எடுக்கப் போனவன் கையிலிருந்து பி.டி. கொட்டையைக் கொத்தி, நம் லாரியின் மேல் பறந்து போட்டிருக்கிறது. லாரி எண்ணைக் காகம் சரியாகச் சொல்கிறது.

மூன்று, கடல். அது செய்திருந்தால் நாம் கேட்க முடியாது.

நாலாவதுதான் இது வரை நான் அளந்ததிலேயே பெரிய புளுகு, நாற்காலியைப் பிடித்துக்கொள். லாரி ஏற்றிய அன்று உன் மாமி வந்தாள். வெள்ளைத் துப்பட்டி. கிடங்கில் யாரும் இல்லை. முதல் சாக்கை விரித்து வைத்திருந்தேன். "வெறும் சாக்குல ஆரம்பிக்காதீங்க" என்றாள். என் கைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் போட்டாள். பிறகு ஆணிப் பக்கமாகப் போய்விட்டாள்.

இதில் எது வேண்டுமோ எடுத்துக்கொள். சடையப்பனும் பொன்னியும் கலக்கவில்லை. இதுதான் நீ கேட்ட ஒரு வரி.

உன் மாமன்


மும்பை
2.4.2006

மாமாவுக்கு,

சலாம். நாலாவதை எடுத்துக்கொண்டேன்.

மாமி எந்தப் பாத்திரத்தையும் காலியாக விட மாட்டாங்க. அரிசிப் பானை தீர்வதற்குள் ஒரு பிடி எடுத்து வைத்து, புது அரிசி வந்ததும் அதை முதலில் போடுவாங்க. மண்டியிலும் அப்படித்தான். ஒவ்வொரு பருவத்தின் கடைசி மூட்டையிலிருந்து ஒரு பிடி அந்தச் சுருக்குப்பைக்குப் போகும். அடுத்த வருஷம் முதல் சாக்கில் முதலில் அதுதான் விழும். பழசு புதுசைப் பார்த்தால்தான் பரக்கத், எதுவும் குறையாமல் நிறையும் என்பாங்க. நான் சின்ன வயதில் கேலி செய்திருக்கிறேன். பை தொங்குகிறது என்று நவம்பரில் நீங்கள் எழுதியதைப் படித்தேன். படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். நான் கேட்டிருக்க வேண்டும்.

போன வருஷம் பிப்ரவரியில் மண்டிக்கு வந்தது திண்டிவனத்துப் பருத்தி. அது பி.டி.

மேலதிகாரியிடம் போய், மூட்டை மூட்டையாகத் தனித்தனியே சோதிக்க வேண்டும், அதன் பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். கோவைக்கு நானே போனேன். என் பெயர் எழுதிய முதல் மூட்டையில் மட்டும் இரண்டு கோடு. மற்ற எல்லாவற்றிலும் ஒன்று. அந்த மூட்டையை நீக்கிவிட்டு மீதியை ஏற்றுக்கொண்டார்கள். பொன்னிக்கும் சடையப்பனுக்கும் கூடுதல் விலை உண்டு என்று சொல்லிவிடுங்கள்.

ஆனால் ஒப்பந்தப்படி, தேறிய நாளின் விலை. நாம் சோதித்துக்கொண்டிருந்த நாட்களில் போர்டு இறங்கிவிட்டது. கூடுதலாக வந்த பத்தில் ஒரு பங்கு அந்த இறக்கத்துக்குச் சரியாகப் போய்விட்டது. லாரி வந்த அன்றே சாதாரணப் பருத்தி என்று விற்றிருந்தாலும் ஏறக்குறைய இதுதான் கிடைத்திருக்கும். இதையும் சொல்லுங்கள். கூட்டாமல்.

என்னை வேறு மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். இனிமேல் நான் எதற்கும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. நம்பர் மட்டும் குறிக்க வேண்டும். எனக்குக் கோபம் இல்லை. கோபம் வரும் என்று இரண்டு நாள் பார்த்தேன், வரவில்லை.

மில்லில் அந்த மூட்டையைப் பிரித்து வைத்திருந்தார்கள். உள்ளே கையை விட்டேன். எது போன வருஷத்தது, எது இந்த வருஷத்தது என்று தெரியவில்லை. கோவையிலிருந்து ஊருக்கு ராத்திரி பஸ் இருந்தது. பஸ் ஸ்டாண்டு வரை போனேன். பிறகு மும்பை ரயிலில் ஏறிவிட்டேன்.

நீக்கிய மூட்டையை லாரியில் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் எழுதுங்கள்.

நியாஸ்


மரக்காணம்
25.4.2006

அன்புள்ள மருமகன் நியாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மூட்டை வந்து சேர்ந்தது. யானைமேல் வைத்துக் கொண்டுவந்தார்கள், நாதஸ்வரம் உண்டு, வாணவேடிக்கை உண்டு. லாரிக்காரன் இறக்கிப் போட்ட இடத்திலேயே கிடக்கிறது. அதன்மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

பணம் வந்தது, கொடுத்துவிட்டேன். நீ சொன்னதைச் சொன்னேன். சடையப்பன் கேட்டுவிட்டு, "பொறுக்குன புழுவுக்காவது எடை போட்டிருக்கலாம்" என்றார். பொன்னிக்குக் குத்தகை கட்டியது போக எதுவும் இல்லை. நிலம் கையில் நிற்கிறது, அவ்வளவுதான். போர்டு ஏன் இறங்கியது என்று கேட்டாள். யாருக்கும் தெரியாது என்றேன். "அப்ப நாம இங்க என்னா பண்ணியிருந்தாலும் அது எறங்கியிருக்கும்?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப சரி" என்றாள். "அடுத்த வருஷம் என்னா போடப் போற?" என்று கேட்டதற்கு, "உப்பு. அதுக்குப் புழுவும் கெடையாது, கோடும் கெடையாது. கலியமூர்த்திய கேளுங்க" என்றாள். சிரித்தாளா என்று கவனித்தேன். தெரியவில்லை.

போர்டைக் கலியமூர்த்தி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதில் மரபணு மாற்றாத உப்பு என்று எழுதி வைத்திருக்கிறார். நேற்று பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் காரை நிறுத்தி இரண்டு கிலோ வாங்கினாராம். நான் நம்பவில்லை.

நீ பஸ் ஸ்டாண்டு வரை வந்ததைப் படித்தேன். அதைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை.

நியாஸ், என் கதையை யாரும் நம்ப மாட்டார்கள் என்று முதல் கடிதத்தில் எழுதியதை மறுபடி சொல்கிறேன். கொக்குகள் கால் மாற்றவில்லை. போர்டை எந்தக் கப்பலும் படிக்கவில்லை. யானை வரவில்லை. உன் மாமி வரவில்லை, வெள்ளைத் துப்பட்டியும் இல்லை. கிடங்கில் நான் ஒருவன்தான். இதெல்லாம் புளுகு. எழுதும்போது கொஞ்ச நேரம் சத்தமாக இருக்கிறது, அதற்காக எழுதுகிறேன்.

ஒரு சின்ன விஷயம் மட்டும் வேறு. நான் மூன்றாம் தடவை உனக்குப் போன் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவள் கடைசி மூட்டையிலிருந்து எடுத்துவரச் சொன்ன ஒரு பிடியைப் படுத்தபடியே பையில் போட்டு, கயிற்றை இழுத்துக் கட்டினாள். "நியாஸ் வர்றானா?" என்று கேட்டாள். வர்றான் என்றேன். "அப்ப இத நீங்க போடாதீங்க. புதுசு வந்ததும் அவன் கையால போடட்டும்" என்றாள். நான் ஒரு வருஷம் தொடாமல்தான் வைத்திருந்தேன். அன்றைக்கு சாக்கின் மேல் உன் பெயரை எழுதி முடித்ததும், ஆள் வந்துவிட்டது போல இருந்தது. போட்டுவிட்டேன்.

இந்த மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பையில் கட்டி அதே ஆணியில் மாட்டியிருக்கிறேன். இதில் போன வருஷமும் இருக்கலாம், இந்த வருஷமும் இருக்கலாம். நான் தொட மாட்டேன்.

அவள் அப்படிச் சொன்னாள். அது மட்டும் நிஜம்.

ஹபீப் முஹம்மது